அந்த ஒரு மான்

கேள்வி:

நெய்வேலி சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது வடலூரில் குடியிருக்கிறேன். என் தாத்தா காலத்திலிருந்தே எங்களுடையது சன்மார்க்கக் குடும்பம். தருமசாலைக்கு அரிசி, காய்கறி கொடுத்துவிட்டுத்தான் வீட்டில் எந்த நல்ல காரியத்தையும் தொடங்குவோம்.

என் மகள் குடும்பம் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில், பியோரியா நகரத்துக்கு வெளியே இருக்கிறது. போன ஐப்பசியில் நானும் மனைவியும் அங்கே போயிருந்தோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் தங்கமான மனிதர். பனி கொட்டினால் எங்கள் வாசலையும் சேர்த்துத் தள்ளிக் கொடுப்பார். என் பேரனுக்குப் பத்து வயது. அவரிடம் ஒட்டிக்கொண்டே திரிவான். அந்தப் பெரியவர் நாலு வருஷமாக ஒரே ஒரு மானைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்குப் பெயர்கூட வைத்திருந்தார். ஒவ்வொரு வருஷத்துப் படத்தையும் வரிசையாக வைத்து, ‘பார், இதே மான்தான்’ என்று பேரனுக்குக் காட்டுவார். மற்ற மான்கள் எதிரே வந்தாலும் விட்டுவிடுவாராம். நவம்பரில் ஒரு விடியற்காலை அதை அம்பெய்து கொன்றுவிட்டார். அன்று சாயங்காலம் எங்களிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. பேரன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கப்புறம், ‘அடுத்த வருஷம் நானும் அவரோடு போறேன் தாத்தா’ என்கிறான்.

வருஷா வருஷம் கொம்பு உதிரும் மானை ‘இதே மான்தான்’ என்று எப்படிச் சொல்ல முடியும்? இத்தனை வருஷம் பார்த்துப் பழகிய உயிரை ஒருவர் எப்படிக் கொல்கிறார்? நம் ஊரிலும் இப்படி ஒரே மிருகத்தின் பின்னால் போனவர்கள் உண்டா? பேரனுக்கு நான் என்ன சொல்வது?

– ஒரு வாசகர், வடலூர்

பதில்:

அன்புள்ள ஐயா,

அதே மான்தான். அந்தப் பெரியவர் சொன்னதில் சந்தேகமே வேண்டாம்.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் முளைத்த கொம்பு சாகும்வரை தலையிலேயே இருக்கும். மானுக்கு அப்படியில்லை. உங்கள் மகள் ஊரில் இருப்பது வெள்ளைவால் மான். ஆண் மானின் கொம்பு தை, மாசி வாக்கில் அடியோடு கழன்று விழும். வசந்தத்தில் அதே இடத்தில் புதிதாகத் துளிர்க்கும். வளரும்போது அதன்மேல் மெல்லிய ரோமத்தோடு ஒரு தோல் மூடியிருக்கும். தோலுக்குள் ரத்தம் ஓடுவதால் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், அடிபட்டால் ரத்தம் கசியும். எல்க் என்னும் பெரிய மானுக்குக் கோடையில் ஒரே நாளில் 2 சென்டிமீட்டர் அளவுக்குக்கூட இது வளரும். பாலூட்டிகளின் உடம்பில் இவ்வளவு வேகமாக வளரும் எலும்பு வேறெதுவும் கிடையாது. தின்னும் தழையிலிருந்து கிடைக்கும் சுண்ணாம்புச் சத்து அதற்குப் போதாமல், மான் தன் விலா எலும்பிலிருந்தே கடன் வாங்கிக் கொம்பு வளர்க்கிறது. ஆவணி, புரட்டாசியில் தோல் காய்ந்து உரிந்துவிடும். மான் கொம்பை மரத்தில் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிக்கொள்ளும்.

புதிதாக முளைத்தாலும் வடிவம் பெரும்பாலும் பழையதுதான். நெற்றிக்கு மேலே முதலில் பிரியும் கிளை போன வருஷம் இரண்டாகப் பிளந்திருந்தால் இந்த வருஷமும் அங்கேயே பிளக்கும். இடப்பக்கம் உள்நோக்கி வளைந்திருந்தால் மறுமுறையும் அப்படியே வளையும். கனமும் நீளமும் வயதோடு கூடும், சாயல் மாறாது. இதில் விசித்திரமான ஒரு விஷயமும் உண்டு. மானின் பின்னங்கால் ஒன்று முறிந்து ஆறினால் கொம்பு கோணலாகிவிடுவது வழக்கம். கோணல் வருவது அடிபட்ட காலின் பக்கத்தில் இல்லை, பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில். வலக்கால் நொண்டும் மானுக்கு இடக்கொம்பு குட்டையாக, முண்டும் முடிச்சுமாக இருந்தால் பழகிய வேட்டைக்காரர் அதன் பழைய காயத்தைப் படத்திலிருந்தே சொல்லிவிடுவார். காதில் கிழிசல், தொண்டையில் வெள்ளைத் திட்டின் அளவு, வயதேற ஏறத் தொங்கும் வயிறு, குழியும் முதுகு எல்லாம் சேர்ந்தால் அடையாளத்தில் பிழை வருவது அரிது.

படம் எடுத்தது மரத்தில் கட்டிவைக்கும் தானியங்கிக் கேமரா. உடல்சூடோடு ஏதாவது முன்னால் நகர்ந்தால் தானே படம் பிடிக்கும். இருட்டிலும் பிடிக்கும். இப்போது வருபவை உடனே கைப்பேசிக்கும் அனுப்பிவிடுகின்றன. வேட்டைக்காரர்களிலேயே பலருக்கு இது பிடிக்கவில்லை. அரிசோனா மாநிலம் 2022 முதல் வேட்டைக்கு இந்தக் கேமராவைத் தடை செய்துவிட்டது. மானுக்குத் தப்பிக்க ஒரு வாய்ப்பு வேண்டாமா என்பது அவர்கள் வாதம்.

நாலு வருஷம் ஏன் ஆகிறது என்பதைப் புரிந்துகொண்டால் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். வெள்ளைவால் மானின் கொம்பு முழு அளவை எட்டுவது ஐந்து வயதிலிருந்து ஏழு வயதுக்குள். இரண்டு வயதில் அது எதிரே வந்து நின்றிருக்கும். கை வில்லில் இருக்கும், தூரமும் சரியாக இருக்கும். ‘இன்னும் வளரட்டும்’ என்று விட்டிருப்பார். இல்லினாயில் ஒருவர் ஓர் ஆண்டில் கொம்புள்ள மான் இரண்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று விதி. ஆகவே கண்ணில் பட்டதைச் சுடுபவருக்குப் பெரிய மான் கிடைக்காது. அவர் வேட்டையாடிய நாட்களில் பெரும்பாலானவை கொல்லாமல் வீடு திரும்பிய நாட்கள்தான்.

அதற்குள் மானும் கற்றுக்கொள்கிறது. ஐந்து வயதைத் தாண்டிய ஆண் மான் பகலில் அநேகமாக வெளியே வராது. சுமார் ஒரு சதுர மைல் காட்டுக்குள், எந்தப் பள்ளத்தில் படுத்தால் பின்னாலிருந்து காற்று வாடையைக் கொண்டுவரும், முன்னால் எவ்வளவு தூரம் கண் எட்டும் என்று பார்த்துப் படுக்கும். காற்று ஒரு நிமிடம் திசை மாறினால் பரண்மேல் இருப்பவரின் வியர்வை வாடை அதற்கு எட்டிவிடும். அப்புறம் அந்தப் பரண் பக்கம் பல நாள் தலைகாட்டாது. நவம்பரில் இரண்டு மூன்று வாரம் இணை தேடும் பருவம். அப்போது மட்டும் எச்சரிக்கையை மறந்து பகலிலும் பெண் மான் பின்னால் அலையும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் காத்திருந்தது அந்த வாரங்களுக்காகத்தான். நீங்கள் போயிருந்த சமயமும் அதுதான்.

இப்படி ஒரே மானைப் பல பருவம் தேடுவது அங்கே அபூர்வமில்லை. 2018 நவம்பரில் இதே இல்லினாயில், எட்கர் கவுன்டியில் ஒருவர் வில்லால் வீழ்த்திய மானை அவருடைய நண்பர்கள் சில ஆண்டுகளாகக் கேமராவில் பின்தொடர்ந்து ‘முஃபாசா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கொம்பின் எல்லாக் கிளைகளையும் அளந்து கூட்டிக் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. தியோடர் ரூஸ்வெல்ட் 1887-ல் தொடங்கிய பூன் அண்ட் க்ராக்கெட் கிளப் அந்தக் கணக்கைப் பதிவு செய்கிறது. முஃபாசாவின் கணக்கு 320 அங்குலத்துக்கு மேல். வேட்டையில் விழுந்த வெள்ளைவால் மான்களில் அதுதான் மிகப் பெரியது என்று அறிவித்தார்கள். ஆனால் அதைவிடப் பெரிய கொம்பு ஒன்று அதே பதிவேட்டில் இருக்கிறது: 333 அங்குலத்தைத் தாண்டியது. அந்த மானை எந்த வேட்டைக்காரரும் கொல்லவில்லை. 1981-ல் மிசௌரி மாநிலத்தில் செயின்ட் லூயி நகரத்தை ஒட்டிய பகுதியில், ஒரு வேலியோரம் தானாக இறந்து கிடந்தது. ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் வாழ்ந்து முடித்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த மான் அது.

மேற்கு மாநிலங்களில் எல்க் வேட்டை வேறு மாதிரி. அங்கே பல இடங்களில் அனுமதிச் சீட்டு குலுக்கலில்தான் கிடைக்கும்; நல்ல பகுதிக்குச் சீட்டு விழப் பத்து, பதினைந்து வருஷம் காத்திருப்பவர்கள் உண்டு. பணமிருந்தால் ஏலத்திலும் எடுக்கலாம். 2008-ல் உட்டா மாநிலத்தில் ‘ஸ்பைடர் புல்’ என்று பெயர் வாங்கிய எல்க்கை வீழ்த்தியவர், ஏலச் சீட்டுக்கு ஒன்றரை லட்சம் டாலர் கொடுத்தார் என்று செய்தி. வழிகாட்டிகளை அமர்த்தி ஒரு மிருகத்தைக் கண்காணிக்கச் சொல்வதையும், உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் காலால் நடந்து நாலு வருஷம் தேடியதையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனமில்லை.

இனி, பழகிய உயிரை எப்படிக் கொல்கிறார் என்ற கேள்வி.

அவர் கண் கலங்கியது உண்மையான கலக்கம். நாலு வருஷம் ஒருவர் மனதில் குடியிருந்த உயிர் இல்லாமல் போனால் நெஞ்சு வெறிச்சோடிவிடும். பெரும்பாலான மனிதர்கள் வாழ்நாள் முழுக்க எந்தக் காட்டு விலங்கையும் தனி ஓர் உயிராக அறிந்திருக்க மாட்டார்கள். ‘மான்’ என்பதோடு சரி. அவரோ அதன் காயம், அதன் பயம், அது எந்த ஓடையில் இறங்கும் என்பது வரை அறிந்தவர். அந்த அறிவை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த அறிவுக்கு முடிவு கொலையாகத்தான் இருக்க வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. அவருடைய நாலு வருஷத்தில் கடைசி ஒரு நொடியை மட்டும் எடுத்துவிட்டாலும் மீதி அத்தனையும் அப்படியே நிற்கும்.

அங்கே இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள். அதை நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அதில் பாதி உண்மை. 1900 வாக்கில் அமெரிக்கா முழுவதிலும் வெள்ளைவால் மான் ஐந்து லட்சம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. சந்தைக்காகக் கணக்கு வழக்கில்லாமல் கொன்றதுதான் காரணம். இல்லினாயில் 1901-லேயே மான் வேட்டையை நிறுத்திவிட்டு, 1957-ல்தான் மறுபடி அனுமதித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் சட்டங்கள் வந்தன. 1937-ல் துப்பாக்கி, தோட்டா விற்பனை மீதான வரிப் பணத்தைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே ஒதுக்கினார்கள். இன்று மான்கள் ஏறத்தாழ மூன்று கோடி. அதே காலத்தில் ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் பெரும்பாலான மாநிலங்களில் துடைத்துவிட்டார்கள். கொல்ல ஆளில்லாமல் மான் பெருகினால் காட்டில் மரக்கன்று எழும்பாது, சாலையில் கார் மோதி மனிதரும் மானும் சாவார்கள், நெருக்கத்தால் நோய் பரவும். நம் அந்தமானிலும் இது நடந்தது. ஆங்கிலேயர் கொண்டுபோய் விட்ட புள்ளிமான், அங்கே அதைத் தின்னும் விலங்கே இல்லாததால் தீவு தீவாகப் பரவி, கன்றுகளைக் கடித்துத் தீர்த்துக் காட்டை மூப்படைய வைத்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே வேட்டை தேவை என்பார்கள். இந்த இடத்தில்தான் கணக்கைக் கவனமாகப் பார்க்க வேண்டும். மான் தொகையைக் குறைக்க வேண்டுமானால் குறைக்க வேண்டியது பெண் மானை. ஒரு பெண் மான் வருஷத்துக்கு இரண்டு குட்டி போடும். ஆண் மான் ஒன்று போனால் அது விட்ட இடத்தில் இன்னொரு ஆண் மான் இணை சேரும். அடுத்த வருஷம் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கையில் எந்த மாற்றமும் இருக்காது. அங்குள்ள வனத்துறைகளும் இதை அறிந்துதான் பெண் மானுக்குத் தனிச் சீட்டு கொடுத்து எடுக்கச் சொல்கின்றன. பெயர் வைத்து, நாலு வருஷம் தேடி, காட்டிலேயே பெரிய கொம்பை வீழ்த்துவதற்கும் காட்டின் நலத்துக்கும் சம்பந்தமில்லை. அது அந்த மனிதருக்கும் அந்த மானுக்கும் இடையே நடந்தது. அவர் அதை அப்படியே சொன்னால் நேர்மை. காட்டைக் காப்பாற்றக் கொன்றேன் என்றால் அது சரியல்ல.

பெரியதையே தேடிக் கொல்வதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்தின் ராம் மலையில் காட்டுச் செம்மறிகளை முப்பது ஆண்டுகள் ஒவ்வொன்றாக அடையாளம் வைத்துப் பார்த்தார்கள். பெரிய கொம்புள்ள கடாக்களையே வேட்டையில் எடுத்துக்கொண்டிருந்ததால், பிற்காலத்துக் கடாக்களின் கொம்பு சிறுத்துக்கொண்டே வந்தது என்று 2003-ல் ஆய்வு வெளியிட்டார்கள். எவ்வளவுக்கு அது பரம்பரையால், எவ்வளவுக்குத் தீனியால் என்று பிறகு விவாதம் நடந்தது. வலிமையானதைப் பறித்துக்கொண்டே போனால் மிச்சமிருப்பது என்ன என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. புலியோ செந்நாயோ கொம்பைப் பார்த்துத் தேர்வதில்லை. எளிதாகக் கிடைப்பதையே அவை அதிகம் பிடிக்கும்.

நம் பக்கம் வருவோம். ஒரே மிருகத்தின் பின்னால் பல வருஷம் அலைந்ததற்கு இந்தியாவில் மிகப் பெயர்பெற்ற கதை மானுடையது அல்ல, புலியுடையது. இன்றைய உத்தராகண்டில் பவல்கர் காட்டில் ஓர் ஆண் புலி இருந்தது. 1920 முதல் 1930 வரை அந்த மாகாணத்தில் வேட்டைக்காரர்கள் எல்லாரும் அடைய விரும்பிய புலி அதுதான் என்று ஜிம் கார்பெட் எழுதியிருக்கிறார். அது மனிதரைத் தொட்டதில்லை. பெரிதாக இருந்தது என்பதுதான் அதன் குற்றம். 1930 குளிர்காலத்தில் கார்பெட்டே அதைச் சுட்டார்; முதல் குண்டில் சாகாமல், காயத்தோடு காட்டுக்குள் போய், பிறகுதான் முடிந்தது. உடல் வளைவோடு அளந்தபோது 10 அடி 7 அங்குலம். அதே கார்பெட், வனத்துறை அதிகாரியாக இருந்துகொண்டே புலிகளைக் கேமராவால் பிடித்த எஃப்.டபிள்யூ. சாம்பியனின் படங்களைப் பார்த்துத் தானும் கேமராவைக் கையில் எடுத்தவர். சுடுவதைவிடப் படம் பிடிப்பதில்தான் மகிழ்ச்சி அதிகம் என்று அந்தப் புலியின் கதை வந்த அதே நூலின் கடைசிப் பகுதியில் எழுதினார்.

மான் என்றால் நம் வட்டாரத்தில் அது கடமான். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்தில் மிளா என்பார்கள், ஈழத்தில் மரை. இலங்கைக்கு வந்த ஆங்கிலேயர் இதைத்தான் ‘எல்க்’ என்று கூப்பிட்டார்கள். சாமுவேல் பேக்கர் 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறி, வேட்டை நாய்க் கூட்டத்தை வைத்துக்கொண்டு மலைமேல் கடமானைத் துரத்தினார். துரத்தப்பட்ட ஆண் கடமான் கடைசியில் ஓடையில் இறங்கி, பாறைக்கு முதுகு கொடுத்து, நாய்களைக் கொம்பால் எதிர்த்து நிற்கும். அவர் துப்பாக்கியைத் தொடாமல் கத்தியோடு தண்ணீரில் இறங்குவார். இவற்றையெல்லாம் அவரே பெருமையாக எழுதி வைத்திருக்கிறார். படிக்கும்போது அவருடைய துணிச்சலைவிட, தண்ணீரில் நின்ற அந்த மானின் துணிச்சல்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அதே மலையில் ஹோர்ட்டன் சமவெளி 1988-ல் தேசியப் பூங்காவானது. இன்று அங்கே மரைகள் வண்டி நிறுத்தும் இடத்துக்கே வந்து நிற்கின்றன.

நீலகிரியிலும் இதே காலத்தில் கடமானும் வரையாடும் வேகமாகக் குறைந்தன. அதைக் கண்டு பயந்தவர்கள் வேட்டைக்காரர்களே. 1877-ல் நீலகிரி வேட்டைச் சங்கம் உருவானது. 1879-ல் சென்னை மாகாண அரசு நீலகிரிக்கென்றே வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. இன்ன மாதத்தில் சுடக் கூடாது, சீட்டு இல்லாமல் சுடக் கூடாது என்ற கட்டுப்பாடுகள் அப்படித்தான் வந்தன. நாளைக்கும் வேட்டையாட விலங்கு வேண்டுமே என்பதுதான் அவர்கள் கவலை. ஆனால் விதைத்தவர் நினைத்ததற்கு மேலாகவே அது வளர்ந்தது. அந்தச் சங்கம் பிற்பாடு காட்டுயிர்ச் சங்கமாக மாறியது. அதில் முன்னின்ற குன்னூர் வழக்கறிஞர் ஈ.ஆர்.சி. தாவிதார் 1963-ல் நீலகிரியின் வரையாடுகளை மலை மலையாக ஏறி எண்ணினார். 1970களில் மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக எண்ணினார். வரையாடு எங்கெங்கே தப்பிப் பிழைத்திருக்கிறது என்று நாம் அறிந்தது அந்த உழைப்பால்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1972-ல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதுகூட, சில விலங்குகளுக்கு லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வேட்டையாட இடம் இருந்தது. 1991 திருத்தம் அந்தக் கதவையும் மூடியது. பொழுதுபோக்குக்காக மான் சுடுவது இன்று இந்தியாவில் எங்கும் குற்றம். காட்டில் உதிர்ந்து கிடக்கும் கொம்பை எடுத்துவந்து கூடத்தில் மாட்டுவதும் வம்புதான். அது காட்டிலேயே கிடக்க வேண்டும். முள்ளம்பன்றி அதைக் கொறித்துத்தான் தன் சுண்ணாம்புச் சத்தைத் தேடிக்கொள்கிறது.

ஒரே மிருகத்தைத் தேடிப் போவது நம்மிடம் நின்றுவிடவில்லை. 2021 புரட்டாசியில் கூடலூர், மசினகுடிப் பகுதியில் நாலு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி23 என்ற புலியை வனத்துறை 21 நாள் தேடியது நினைவிருக்கும். கேமராவில் விழும் ஒவ்வொரு புலியின் வரியையும் ஒப்பிட்டுப் பார்த்து, ‘இது அது இல்லை’ என்று மற்றவற்றை விட்டார்கள். உடனே கொல்ல வேண்டாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அக்டோபர் 15-ஆம் தேதி மயக்க ஊசி செலுத்தி உயிரோடு பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள். மனிதர் உயிர் போன இடத்திலேயே கொல்லாமல் பிடிக்க முடிந்தது. அந்த வேலையின் கடினத்தை அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வனக் காவலர்களும் தடம் பார்த்த பழங்குடித் தோழர்களும் காட்டிய பொறுமை, உலகத்தில் எந்த வேட்டைக்காரரின் பொறுமைக்கும் குறைந்ததில்லை.

நானும் முதுமலையில் ஒரு கடமானை வருஷக் கணக்கில் தெரிந்து வைத்திருந்தேன். வலக்காது நுனி கிழிந்த கலை. கோடையில் அதன் தொண்டையில் ரோமம் உதிர்ந்து, உள்ளங்கை அளவு சிவந்த ஈரத் திட்டு ஒன்று தோன்றும். புண் என்று நினைத்துப் பலர் வருத்தப்படுவார்கள். கடமான்களில் இது அடிக்கடி காணக்கூடியதுதான். குட்டைக்கு வரும்போது நேரே தண்ணீரில் வாய் வைக்காது. கரையில் நின்று ஒரு முன்னங்காலைத் தூக்கி ஓங்கித் தரையில் தட்டும். பதிலுக்கு ஏதாவது அசைகிறதா என்று காதை மட்டும் திருப்பும். மறுபடி தட்டும். குடிக்க ஆரம்பிக்க அரைமணி நேரம் எடுத்துக்கொண்ட நாட்களும் உண்டு. என்னோடு வந்த குறும்பர், காலடித் தடத்தின் ஆழத்தைப் பார்த்தே அது வயிறு நிறைந்து போகிறதா, பசியோடு போகிறதா என்று சொல்வார். ஒரு கோடையில் அது வரவில்லை. அடுத்த கோடையிலும் வரவில்லை. புலி தின்றிருக்கும், அந்தக் காட்டில் கடமானுக்கு அதுதான் வழக்கமான முடிவு.

பேரன் விஷயம். அவனைத் தடுக்காதீர்கள், ஐயா. போகட்டும். ஆனால் எந்த மாதத்தில் போகிறான் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

பனி உருகும் பிப்ரவரி, மார்ச்சில் அங்கே உதிர்ந்த கொம்பு தேடிப் போவார்கள். நம் சட்டம்போல அங்கே தடையில்லை. நிலத்துக்காரரின் அனுமதி இருந்தால் போதும். மான் படுத்த தெற்குச் சரிவு, தாண்டிக் குதித்த வேலி, குளிர்காலத்தில் தீனி தேடிய சோள வயல் ஓரம், இங்கெல்லாம் கிடக்கும். வேலி தாண்டும் அதிர்ச்சியில்தான் பல கொம்புகள் கழன்று விழுகின்றன. ஒரு கொம்பு கிடைத்தால் அதன் ஜோடியைத் தேடுவது பையன்களுக்குப் பெரிய ஆசை. பக்கத்து வீட்டுப் பெரியவர் நாலு வருஷத்தில் கற்றது எல்லாம் அங்கே அவனுக்குப் பயன்படும். அவரும் சந்தோஷமாகச் சொல்லித் தருவார். பழைய கேமராவைக் கேட்டு வாங்கி அவனே ஒரு மரத்தில் கட்டட்டும். எந்த மான், எந்தத் தேதி, எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம் என்று ஒரு நோட்டில் எழுதட்டும். இரண்டு வருஷம் ஒழுங்காக எழுதினால் அவனுக்கென்று ஒரு மான் கிடைத்துவிடும். அக்டோபர் முதல் ஜனவரிவரை அங்கே வில் வேட்டைப் பருவம். அந்த மாதங்களில் அவன் பரணுக்குப் போக வேண்டாம் என்று பெரியவரிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். உங்கள் ஊர் எது, எந்த வழியில் வந்தவர்கள் என்பதைச் சொன்னால் போதும், தங்கமான மனிதர் என்கிறீர்களே, புரிந்துகொள்வார். அவரைக் கொலைகாரராக மட்டும் பேரனிடம் பேசிவிடாதீர்கள். அவர் மீது அவனுக்குள்ள பாசம் கெட்டால், அந்தக் காட்டைப் பற்றி அவனுக்குச் சொல்லித்தர வேறு ஆள் கிடைக்காது.

மான் ஏன் சாக வேண்டும் என்று அவன் கேட்டால், மேலே சொன்ன பெண் மான் கணக்கை அவனுக்கும் சொல்லுங்கள். பத்து வயதுப் பையனுக்கு அது புரியும். ‘நாம் கொல்வதில்லை, அவர் கொல்கிறார், அவர் கெட்டவர் இல்லை’ என்ற மூன்றையும் ஒன்றாக மனதில் வைத்துக்கொள்ள அவனால் முடியும். நம்மைவிடப் பிள்ளைகளுக்கு அது சுலபம்.

அடுத்த முறை அவர்கள் வடலூர் வரும்போது கோடியக்கரைக்கு அழைத்துப்போங்கள். சிதம்பரம், சீர்காழி, நாகப்பட்டினம், வேதாரண்யம் வழியாக ஒரே நாளில் போய்ச் சேரலாம். வெளிமானுக்காகவே 1967-ல் அமைத்த சரணாலயம் அது. பெயரில் மான் இருந்தாலும், ஆடு மாடுபோல வெளிமானின் கொம்பு உதிராது. முறுக்கிக்கொண்டு வளர்ந்துகொண்டே போகும். முறுக்கை எண்ணினாலே இளசா, முதிர்ந்ததா என்று தெரிந்துவிடும். வளர்ந்த ஆண் கன்னங்கரேல் என்று, அடிவயிறும் கண்ணைச் சுற்றியும் மட்டும் வெளுப்பாக இருக்கும். தனக்கென்று ஒரு புல்வெளித் துண்டைப் பிடித்துக்கொண்டு, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டு எல்லை வைத்திருக்கும். அந்தக் குவியலைக் கண்டுபிடித்துவிட்டால் சொந்தக்காரர் பக்கத்தில்தான் இருப்பார். காலையில் சீக்கிரம் போங்கள், வெயில் ஏறினால் கருவேல நிழலுக்குள் ஒதுங்கிவிடும். பைனாகுலர் ஒன்று கையில் இருக்கட்டும், வெள்ளைச் சட்டை வேண்டாம், வனக் காவலர் ஒருவரைத் துணைக்குக் கேளுங்கள். நோட்டையும் பையன் மறக்காமல் எடுத்துவரட்டும்.